தறிக்குப் பருவம் உண்டா? காஞ்சிபுரக் கூட்டுறவுக் கடன் வரலாறும் இடர் மேலாண்மை மென்பொருளும் (1904–2021)

ஆய்வுச்சுருக்கம்

இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் 1904 அக்டோபரில் காஞ்சிபுரத்தில் பதிவு செய்யப்பட்டது. அதற்குப் பின் நூற்றுப் பதினாறு ஆண்டுகள் கழித்து, நகரக் கூட்டுறவு வங்கிகளின் வாராக்கடனை மனிதத் தலையீடின்றி மென்பொருளே வகைப்படுத்த வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடையில் கடன் இடரை அறிதல், பதிதல், வகைப்படுத்தல் ஆகியன எவ்வாறு மாறின என்பதை இக்கட்டுரை பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவின் காலக்கணக்கை அளவுகோலாகக் கொண்டு ஆராய்கிறது. உழவுக் கடனுக்குப் பயிர்ப்பருவத்தை ஏற்கும் வகைப்பாட்டு விதி, நெசவுக் கடனுக்குத் தொண்ணூறு நாள் என்ற ஒரே கெடுவை வைத்திருக்கிறது. மென்பொருள் இவ்வேறுபாட்டைப் படைக்கவில்லை. ஆனால் அதைத் தளர்த்திவந்த மனித இடைவெளியை அது மூடிவிட்டது. ஆகவே சிறந்த இடர் மேலாண்மை மென்பொருள் என்பது விரைவை மட்டும் பொறுத்ததன்று, அது எந்தத் தொழிலின் நாட்காட்டியை அறிந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம், கூட்டுறவுக் கடன், பட்டு நெசவு, வாராக்கடன், இடர் மேலாண்மை, மென்பொருள்.

முன்னுரை

காஞ்சிபுர நெசவைப் பற்றிய ஆய்வுகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மிகுதியாக உள்ளன. இடைக்காலத் தென்னிந்திய நெசவாளரைப் பற்றி விஜயா ராமசாமி 1985இல் வெளியிட்ட நூலும், காஞ்சிபுரப் பட்டு நெசவுக் கூட்டுறவுச் சங்கங்களைக் களமாகக் கொண்டு இவோன் ஆர்ட்டர்பர்ன் 1982இல் வெளியிட்ட நூலும் இத்துறையில் நுழைவோர் முதலில் கையிலெடுப்பவை. நெசவாளரின் சமூக நிலை, உற்பத்தி முறை, சங்கங்களின் அமைப்பு ஆகியன இவ்வகை ஆய்வுகளின் மையப்பொருள்கள். நெசவாளர் வாங்கிய கடன் எந்த நாளில், எந்த விதியால், யாரால் ‘வாராக்கடன்’ ஆகிறது என்பது அவற்றின் கேள்வியன்று. இக்கட்டுரை அக்கேள்வியை எடுத்துக்கொள்கிறது.

‘இடர்’ என்னும் சொல் பழையது. ‘இடர் மேலாண்மை’ என்னும் தொடர் புதியது. வங்கித்துறையில் இத்தொடர், கொடுத்த பணம் திரும்பாமற் போகும் வாய்ப்பை முன்கூட்டி அறிந்து, அளந்து, அதற்கேற்ப நிதி ஒதுக்கி வைத்தலைக் குறிக்கிறது. இப்பணி மென்பொருளின் வருகையோடு தொடங்கியதன்று. ஊராரை அறிந்த கணக்கர், ஆண்டுதோறும் வந்த தணிக்கையாளர், சங்க நிர்வாகக்குழு ஆகியோர் மென்பொருளுக்கு முன்னரே இப்பணியைச் செய்துவந்தனர். ஆகவே மென்பொருளின் வரலாற்றை அது இடம்பெயர்த்த மனிதர்களின் வரலாற்றோடு சேர்த்தே எழுத வேண்டும் என்பது இக்கட்டுரையின் அணுகுமுறை.

1. சட்டம் வகுத்த இரு பிரிவுகள்

சென்னை மாகாணத்தில் வேளாண் வங்கிகளைத் தொடங்க இயலுமா என்பதை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன் தம் அறிக்கையை 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக அளித்தார். செருமனியில் ரைபைசன் தோற்றுவித்த சிற்றூர்க் கடன் சங்கங்களே அவர் முன்வைத்த முன்மாதிரி. அச்சங்கங்களின் இடர்க் காப்பு மிக எளியது. சங்கத்தின் எல்லை சிறியதாக இருக்கும். உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்திருப்பர். சங்கத்தின் கடனுக்கு அனைவரும் வரம்பற்ற பொறுப்பேற்பர். பக்கத்து வீட்டுக்காரர் கடனைத் திருப்பாவிடில் தம் உடைமைக்கும் கேடு வரும் என்ற நிலையில், ஒவ்வோர் உறுப்பினரும் மற்றவரைக் கண்காணித்தனர். நம்பிக்கையும் கண்காணிப்பும் அங்கே பிரிக்க முடியாதபடி பிணைந்திருந்தன.

செருமனியிலேயே மற்றொரு முன்மாதிரியும் இருந்தது. சூல்சே-டெலிட்ச் 1850களில் நகரக் கைவினைஞருக்கும் சிறு வணிகருக்குமாக அமைத்த மக்கள் வங்கிகள், பங்கு மூலதனத்தையும் குறுகிய காலக் கடனையும் அடிப்படையாகக் கொண்டவை. அதாவது கூட்டுறவுக் கடன் வரலாற்றின் தொடக்கத்திலேயே உழவருக்கு ஒன்று, நகரக் கைவினைஞருக்கு மற்றொன்று என இரு பாதைகள் கண்டறியப்பட்டிருந்தன.

1904ஆம் ஆண்டின் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் சட்டம் இப்பிரிவினையை இந்திய மண்ணில் சட்டவரையறையாக்கியது. உறுப்பினரில் ஐந்தில் நான்கு பங்கினர் உழவராயின் அது சிற்றூர்ச் சங்கம். ஐந்தில் நான்கு பங்கினர் உழவரல்லாதோராயின் அது நகரச் சங்கம். சிற்றூர்ச் சங்கத்துக்கு வரம்பற்ற பொறுப்பு விதிக்கப்பட்டது. நகரச் சங்கம் தன் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம். இச்சட்டத்தின்கீழ் அதே ஆண்டு ஆகஸ்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் வேளாண் கடன் சங்கமும், அக்டோபரில் காஞ்சிபுரத்தில் நகரக் கடன் சங்கமும் பதிவாயின. இந்தியாவின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் என ரிசர்வ் வங்கியின் வெளியீடுகள் குறிப்பிடுவது இக்காஞ்சிபுரச் சங்கத்தையே. அதன் வழிவந்த பெரிய காஞ்சிபுரம் கூட்டுறவு நகர வங்கி இன்றும் அவ்வூரின் அடையாளங்களுள் ஒன்று.

இங்கு நெசவாளரின் இடம் கருதத்தக்கது. அவர் நிலத்தில் உழைப்பவரல்லர். ஆகவே சட்டத்தின் பார்வையில் நகரப் பிரிவைச் சேர்ந்தவர். ஆயினும் அவர்தம் வருவாய், மாதம் பிறந்தால் ஊதியம் பெறும் எழுத்தரின் வருவாயைப் போன்றதன்று. கடை திறந்தால் நாள்தோறும் காசு பார்க்கும் வணிகரின் வருவாயைப் போன்றதுமன்று. மழையையும் முகூர்த்தத்தையும் விழாவையும் பொறுத்து ஏறி இறங்குவதால் அது உழவரின் வருவாய்க்கே நெருங்கியது. தொழிலால் நகரத்தாராகவும் காலக்கணக்கால் உழவரை ஒத்தவராகவும் இருந்த ஒருவருக்கு 1904ஆம் ஆண்டுச் சட்டத்தில் தனியிடம் இல்லை. சிற்றூர், நகரம் என்ற பாகுபாட்டை 1912ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிவிட்டது. எனினும் உழவுக்கு ஒரு கணக்கு, பிறவற்றுக்கு வேறொரு கணக்கு என்ற கண்ணோட்டம் பின்னாளில் வேறு வடிவில் மீண்டும் தலைகாட்டியதை இக்கட்டுரை கீழே காட்டும்.

2. தறியின் நாட்காட்டி

பிள்ளையார்பாளையம் பெரிய காஞ்சிபுரத்தை அடுத்த நெசவாளர் குடியிருப்பு. இங்குள்ள வீடுகளில் தறி பெரும்பாலும் குழித்தறி. நெசவாளர் தரைமட்டத்தில் அமர்ந்து, குழிக்குள் கால்களை இறக்கி மிதிகளை இயக்குகிறார். ஒரு பாவு பொதுவாக மூன்று சேலைகளுக்கு உரியது. உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் அமைந்து இணையும் கோர்வைச் சேலைக்கு உடன் ஒருவர் உதவ வேண்டும். வேலைப்பாட்டுக்கேற்ப ஒரு சேலை முடிய இரண்டு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கூலி நாட்கூலியன்று, சேலையை அறுத்துக் கொடுத்தபின் கணக்குத் தீர்க்கப்படும் கூலி.

இத்தொழிலில் மூன்று நாட்காட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துள்ளன. முதலாவது மழையின் நாட்காட்டி. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. அம்மாதங்களில் தெருவில் பாவு நீட்ட முடியாது. குழியில் நீர் ஊறும். ஈரக்காற்றில் இழை இளகித் தறியின் வேகம் குறையும். இரண்டாவது முகூர்த்தத்தின் நாட்காட்டி. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் திருமணங்கள் அரிது. தை பிறந்தால் முகூர்த்தப் புடவைக்குக் கேட்பு எழும். மூன்றாவது மூலப்பொருளின் நாட்காட்டி. கருநாடகத்திலிருந்து வரும் பட்டு நூலின் விலையும், சூரத்திலிருந்தும் உள்ளூரிலிருந்தும் வரும் சரிகையின் விலையும் நெசவாளரின் கையில் இல்லை. சரிகையின் விலையையும் தரத்தையும் நிலைநிறுத்தும் நோக்கில் தமிழ்நாடு சரிகை நிறுவனம் 1971இல் காஞ்சிபுரத்தில் நிறுவப்பட்டது என்பதே இவ்விடரின் வலிமையைக் காட்டும்.

இம்மூவகை இடரையும் யார் சுமந்தனர் என்பதே இந்நகரின் கடன் வரலாறு. முதலாளியிடம் முன்பணம் பெற்று நெய்தவரின் நிலையில், விற்பனை இடரை முதலாளி ஏற்றார். அதற்கு ஈடாகத் தறியும் உழைப்பும் அவரது ஆளுகைக்குள் சென்றன. முன்பணத்துக்குக் கெடு நாள் கிடையாது, விடுதலையும் கிடையாது. கூட்டுறவுச் சங்கம் இந்நிலையை மாற்ற முயன்றது. 1935இல் தொடங்கப்பெற்றுப் பின்னர்க் கோ-ஆப்டெக்ஸ் எனப் பெயர் பெற்ற மாகாண நெசவாளர் சங்கமும், விடுதலைக்குப் பின் காஞ்சிபுரத்தில் வளர்ந்த பட்டு நெசவுச் சங்கங்களும், நூலையும் சரிகையையும் உறுப்பினருக்கு அளித்து, சேலையைப் பெற்றுக் கூலி வழங்கின. சரக்குத் தேங்கினால் அவ்விழப்புச் சங்கத்தைச் சேர்ந்தது. கூலியில் ஒரு பகுதியைப் பிடித்து அரசின் பங்களிப்பையும் சேர்க்கும் சேமிப்பு, பாதுகாப்புத் திட்டங்கள் உறுப்பினரின் குடும்ப இடரைச் சிறிதளவு தாங்கின.

சங்கம் தொழிற்கடனைத் தாங்கியது. வீடு, திருமணம், மருத்துவம், தறிச் சீரமைப்பு ஆகியவற்றுக்கு நெசவாளர் நகர வங்கியையோ நகைக்கடனையோ தனியாரையோ நாட வேண்டியிருந்தது. தனியார் வட்டியின் கொடுமைக்குச் சான்றாகத் தமிழ்நாடு அரசு 2003இல் கந்துவட்டித் தடைச் சட்டம் இயற்றியதைச் சுட்டலாம். முறைசார் கடனின் வாயில் மூடினால் நெசவாளர் எந்த வாயிலுக்குச் செல்வார் என்பதை இச்சட்டத்தின் தேவையே சொல்கிறது. கடன் வகைப்பாட்டு விதியை ஆராய்வோர் இதனை மறத்தலாகாது.

3. பேரேட்டிலிருந்து கணிப்பொறிக்கு

1904ஆம் ஆண்டு முறையில் இடர் மேலாண்மைக்கு மூன்று கருவிகள் இருந்தன: உறுப்பினருக்கு மட்டுமே கடன், பேரேடு, பதிவாளரின் ஆண்டுத் தணிக்கை. 1914–15இல் ஆய்ந்த மெக்லகன் குழு கூட்டுறவின் வளர்ச்சியை விடத் தணிக்கையின் செம்மையையும் மேற்பார்வையையும் வலியுறுத்தியது. 1966 மார்ச் 1 முதல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் கூட்டுறவு வங்கிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அன்று முதல் நகர வங்கிக்கு இரு மேலாளுநர் ஆயினர்: நிர்வாகத்துக்கு மாநிலப் பதிவாளர், வங்கித் தொழிலுக்கு ரிசர்வ் வங்கி.

பேரேட்டுக் காலத்தில் கடன் நன்றா தீதா என்பதை வங்கி தன் மதிப்பீட்டாலேயே முடிவு செய்தது. வாராத வட்டியையும் வந்ததாக எழுதி இலாபம் காட்டும் வழக்கம் இந்திய வங்கித்துறையில் பரவலாக இருந்தது. நரசிம்மம் குழுவின் 1991ஆம் ஆண்டு அறிக்கையை அடுத்து, 1992–93 முதல் வருவாய் ஏற்பு, சொத்து வகைப்பாடு, ஒதுக்கீடு ஆகியவற்றுக்குப் பொதுவிதிகள் வந்தன. நிலுவையான நாட்களின் எண்ணிக்கையே கடனின் நலத்தைக் காட்டும் அளவையாயிற்று. வணிக வங்கிகளுக்கு அவ்வெண் 2004 மார்ச்சு முதல் 90 நாளாகக் குறைந்தது. இது ஒரு பெருஞ்சீர்திருத்தம் என்பதில் ஐயமில்லை. மேலாளரின் முகத்தாட்சணியமும் செல்வாக்குள்ளோரின் தலையீடும் மறைத்த கேடுகளை இவ்வெண் வெளிக்கொணர்ந்தது.

இதே காலத்தில் கணிப்பொறியும் வங்கிக்குள் நுழைந்தது. 1984இல் அறிக்கை அளித்த ரங்கராஜன் குழுவின் பரிந்துரையால் கிளைகளில் பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் வந்தன. பின்னர்க் கிளை முழுவதும் கணினிமயமாயிற்று. அதன்பின் எல்லாக் கிளைகளையும் ஒரே தரவு மையத்தில் இணைக்கும் கோர் பேங்கிங் முறை நிலைபெற்றது. எனினும் வகைப்பாட்டுப் பணி நெடுங்காலம் கைப்பணியாகவே நீடித்தது. காலாண்டு முடிவில் மென்பொருள் ஒரு பட்டியல் தரும். மேலாளர் அதைப் பார்த்து, ‘இவர் அடுத்த வாரம் கட்டிவிடுவார்’ என்று சில பெயர்களை நீக்குவார். இந்த நீக்கல் இருமுனைக் கத்தி. பிள்ளையார்பாளையத்து நெசவாளருக்கு மழைக்காலச் சலுகையைத் தந்தது இதுவே. பெருங்கடனாளியின் மோசடிக்குத் திரையானதும் இதுவே.

4. திரை விலகிய நிகழ்வு

திரையின் முழு அளவு மும்பையில் தெரியவந்தது. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராட்டிரக் கூட்டுறவு வங்கியின்மீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது. முதலில் வைப்பாளர் ஒருவர் எடுக்கலாமென அறிவிக்கப்பட்ட தொகை 1,000 ரூபாய் மட்டுமே. ஒரே கட்டுமானக் குழுமத்துக்கு வழங்கிய கடன் 6,500 கோடி ரூபாய்க்கும் மேல் என்றும், அது வங்கியின் மொத்தக் கடனில் ஏறத்தாழ 73 விழுக்காடு என்றும் விசாரணையில் கூறப்பட்டது. அக்குழுமத்தின் 44 கடன் கணக்குகளை மறைக்க 21,049 போலிக் கணக்குகள் காட்டப்பட்டன என்பது காவல்துறையின் குற்றச்சாட்டு.

இடர் மேலாண்மை மென்பொருளின் வரலாற்றில் இங்கு ஒரு நுட்பம் உள்ளது. அப்போலிக் கணக்குகள் கோர் பேங்கிங் முறையில் ஏற்றப்படவில்லை என்றும், ரிசர்வ் வங்கிக்குச் சமர்ப்பித்த கடன் பட்டியலில் மட்டும் எழுதப்பட்டன என்றும் புகாரில் கூறப்பட்டது. அவ்வாறாயின் மென்பொருள் பொய் சொல்லவில்லை; அதைச் சுற்றிச் செல்லும் ஒரு வழி திறந்திருந்தது. ஆய்வாளரின் கைக்கு வந்தது மென்பொருளின் பதிவன்று, மனிதர் தயாரித்த பட்டியல். ஆகவே சீர்திருத்தம் செல்ல வேண்டிய திசையும் தெளிவாயிற்று: மென்பொருளுக்கும் அறிக்கைக்கும் இடையில் மனிதக் கை புகாதபடி செய்ய வேண்டும்.

இதைத் தொடர்ந்த மாற்றங்கள் விரைவானவை. 2020 பிப்ரவரியில் வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பு ஒரு இலட்சத்திலிருந்து ஐந்து இலட்சம் ரூபாயாக உயர்ந்தது. அதே ஆண்டில் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, கூட்டுறவு வங்கிகளின்மீது ரிசர்வ் வங்கியின் அதிகாரம் விரிந்தது. 2020 ஆகஸ்டில் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கான ஆணை வந்தது. 2,000 கோடி ரூபாயும் அதற்கு மேலும் சொத்துடைய வங்கிகள் 2021 சூன் 30 முதல் வகைப்பாட்டை மென்பொருள் வழியே தொடர்ச்சியாகச் செய்ய வேண்டும். 1,000 கோடிக்கும் 2,000 கோடிக்கும் இடைப்பட்டு, இணையப் பாதுகாப்பில் உயர்நிலைகளில் தம்மை வகைப்படுத்திக்கொண்ட வங்கிகள் 2021 செப்டம்பர் 30 முதல் செய்ய வேண்டும். ஏனையவை தம் நலன் கருதித் தாமாகவே ஏற்க ஊக்குவிக்கப்பட்டன. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கின் தரம் இறங்குவதும் ஏறுவதும் இனி மென்பொருளின் பணி. 1904இல் அண்டை வீட்டார் செய்த கண்காணிப்பு, 2021இல் நாளிறுதிக் கணக்கோட்டமாக உருமாறியது.

5. வயலுக்குப் பருவம், தறிக்குத் தொண்ணூறு நாள்

மென்பொருள் இயங்குவது விதியின்படி. ஆகவே விதிக்குள் எது உள்ளது என்பதே முதன்மையான வினா. உழவுக் கடனுக்கு விதி வேறு. குறுகிய காலப் பயிருக்கான கடன் இரு பயிர்ப்பருவங்களுக்கு நிலுவையாயிருந்தால்தான் வாராக்கடன். நீண்ட காலப் பயிராயின் ஒரு பருவம். பருவத்தின் அளவை ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாநில அளவிலான வங்கியாளர் குழு வரையறுக்கிறது. அறுவடைக்கு முன் உழவரிடம் பணம் இராது என்ற எளிய உண்மையை விதி ஏற்றது. ஆதலால் மென்பொருளும் ஏற்கிறது. கணக்குத் திறக்கும்போதே பயிரின் வகை பதிவாகிவிடுவதால், நெற்பயிரின் கால அளவு மென்பொருளின் அறிவிலும் ஓர் அங்கம்.

நெசவுக் கடன் இப்பிரிவில் சேராது. 2011–12இல் வந்த நெசவாளர் கடன் அட்டையாயினும், பின்னர் வந்த முத்ராத் திட்டத்தின் கைத்தறிப் பிரிவாயினும், அக்கடன்கள் சிறுதொழிற் கடன்களாகவே கருதப்பட்டு 90 நாள் விதிக்குள் வருகின்றன. நெசவாளருக்கு வட்டிச் சலுகை உண்டு, விளிம்புத்தொகை உதவி உண்டு, கடன் உறுதியும் உண்டு. பருவம் மட்டும் இல்லை.

இதன் விளைவை ஒரு கற்பனைக் கணக்கால் காணலாம். நெசவாளர் ஒருவரின் மாதத் தவணை ஒவ்வொரு மாதமும் பத்தாம் நாள் என்று கொள்வோம். தீபாவளிக்கு முந்தைய சேலையை அறுத்துக் கொடுத்தபின் மழை பிடித்துக்கொள்கிறது. அக்டோபர் 10ஆம் நாளுக்குரிய தவணை நிற்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தறி பாதி நாள் ஓடவில்லை. மார்கழியில் முகூர்த்தம் இல்லாததால் புதிய பாவு தாமதமாகிறது. அக்டோபர் 10இலிருந்து எண்ணினால் சனவரி 8ஆம் நாள் தொண்ணூறு நாள் நிறைவடைகிறது. அதைக் கடந்த நாளின் இரவில் மென்பொருள் அக்கணக்கை வாராக்கடன் எனக் குறிக்கிறது. தை பிறக்க இன்னும் ஒரு வாரமே உள்ளது. தை முகூர்த்தத்துக்கான வேலை கைக்கு வரும் தறுவாயில், அவ்வேலைக்கு வேண்டிய முதலைத் தரும் வாயில் மூடுகிறது.

முன்பெல்லாம் இவ்விடத்தில் மேலாளர் குறுக்கிட்டிருப்பார். அவர் அத்தெருவை அறிந்தவராயின், மழைக்குப்பின் பணம் வரும் என்பதும் தெரியும். இன்று அவர் அறிந்திருப்பதை எழுதுவதற்கு மென்பொருளில் இடமில்லை. ஒருமுறை வாராக்கடனான கணக்கு மீண்டும் நற்கணக்காக வேண்டுமாயின், நிலுவையிலுள்ள வட்டியும் அசலும் முழுவதும் கட்டப்பட வேண்டும் என 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியது. இதற்கிடையில் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவிலும் அக்கறை படிந்துவிடும்.

விதி இவ்வாறுதான் இருக்க முடியும் என்று வாதிடுவோருக்கு 2020ஆம் ஆண்டே மறுமொழி. பெருந்தொற்றால் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது, 2020 மார்ச்சு 1 முதல் ஆகஸ்டு 31 வரை தவணை நிறுத்தம் அனுமதிக்கப்பட்டது. அத்தகைய கணக்குகளில் நிறுத்தக் காலம் நிலுவை நாட்களின் எண்ணிக்கையில் சேர்க்கப்படவில்லை. மென்பொருளின் கடிகாரத்தை மனித முடிவால் நிறுத்தி வைக்க முடியும் என்பதை அவ்வாறு மாதங்கள் மெய்ப்பித்தன. தொண்ணூறு என்பது இயற்கையின் எண்ணன்று, கொள்கையின் எண்.

வரலாற்றில் மற்றொரு சான்றும் உண்டு. 1990ஆம் ஆண்டின் கடன் நிவாரணத் திட்டம் உழவரோடு நெசவாளர், கைவினைஞர் ஆகியோரின் கடனிலும் 10,000 ரூபாய் வரை நீக்கியது. 2011இல் ஒன்றிய அரசு கைத்தறித் துறைக்கு 3,884 கோடி ரூபாய் மதிப்பிலான மீட்புத் திட்டத்தை அறிவித்தது. சங்கங்களின், நெசவாளர்களின் நிலுவைக் கடன் தீர்வு அதன் மையக்கூறு. உழவரும் நெசவாளரும் ஒரே வகை இடருக்கு ஆளாவோர் என்பதைத் தள்ளுபடி நேரத்தில் அரசு ஏற்றுக்கொண்டது. வகைப்பாட்டு விதி மட்டும் அதை ஏற்கவில்லை. கடன் கெட்டபின் தள்ளுபடி செய்வதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், கெடுவதற்கு முன் பருவத்தை ஏற்பது பொதுப்பணத்துக்கும் சிக்கனமானது. நெசவாளரின் மானத்துக்கும் உகந்தது.

6. சிறந்த மென்பொருள் எது?

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மென்பொருளை வடிவமைப்போருக்கும் நடைமுறைக்குக் கொணர்வோருக்கும் நான்கு கருத்துகளை வகுத்துரைக்கலாம்.

முதலாவது, தொழிலின் நாட்காட்டி தரவாக வேண்டும். பயிர்ப்பருவத்தை வரையறுக்கும் அதே வங்கியாளர் குழு, குழித்தறி நெசவு மிகுந்த மாவட்டங்களுக்குத் தறிப்பருவம் ஒன்றை வரையறுக்கலாம். மென்பொருளில் இதற்குப் புதிய கட்டமைப்புத் தேவையில்லை. பயிரின் பெயர் இடம்பெறும் புலத்தைப் போன்ற ஒரு புலமும், அதற்குரிய விதியும் போதும். தடை தொழில்நுட்பத்தில் இல்லை, ஒழுங்குமுறையில் உள்ளது.

இரண்டாவது, மேலாளரின் அறிவு மறைவாக அன்றி வெளிப்படையாக நுழைய வேண்டும். பேரேட்டுக் காலத்தின் குறை, மேலாளர் தலையிட்டார் என்பதன்று. தலையீட்டின் காரணம் எங்கும் எழுதப்படவில்லை என்பதே. விலக்கு அளிப்பவர் பெயர், காரணம், நாள், மேலொப்பம் ஆகியவற்றோடு விலக்கைப் பதிவு செய்தால், அது தணிக்கைக்கு உரிய சான்றாகும். மும்பை நிகழ்வு போன்றவற்றைத் தடுக்கும் கண்டிப்பும் பிள்ளையார்பாளையத்துக்கு வேண்டிய நெகிழ்வும் அப்போது ஒரே பதிவேட்டில் இணங்கி நிற்கும்.

மூன்றாவது, எச்சரிக்கை கடனாளியையும் அடைய வேண்டும். தொண்ணூறாம் நாளின் தீர்ப்பைச் சொல்லும் மென்பொருள், முப்பதாம் நாளிலேயே தமிழில் ஒரு செய்தியை அனுப்ப இயலும். 1904ஆம் ஆண்டுச் சங்கத்தின் உறுப்பினர் தம் கணக்கின் நிலையைச் சங்க அலுவலகத்தில் கேட்டறிந்தார். இன்றைய வாடிக்கையாளர் தம் கணக்கு எந்த வகையில் உள்ளது என்பதைப் பெரும்பாலும் அடுத்த கடன் மறுக்கப்படும்போதே அறிகிறார். இவ்விடத்தில் தொழில்நுட்பம் பின்னோக்கிச் சென்றுள்ளது.

நான்காவது, புதிய முறையைப் பழைய முறையோடு ஒப்பிட்டு ஓர் ஆண்டாவது இயக்கிப் பார்க்க வேண்டும். கணினி நுழைந்த காலத்தில் பேரேட்டையும் இயந்திரத்தையும் சில காலம் இணையாக நடத்தி, இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்தபின்னரே பேரேட்டை மூடினர். வகைப்பாட்டு மென்பொருளுக்கும் அம்முறை தகும். ஒரு முழு ஆண்டு ஓடினால் ஆடியும் ஐப்பசியும் மார்கழியும் தையும் அதற்குள் வந்துவிடும். மென்பொருள் வாராக்கடன் எனக் குறித்தவற்றுள் எத்தனை தைக்குப்பின் தாமே சீரடைந்தன என்பதை எண்ணினால், தறிப்பருவம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்துக்கே இடமிராது. காலாண்டு அளவில் மட்டும் சோதித்தால் இவ்வுண்மை வெளிப்படாது.

இதற்கு எதிரான வாதம் ஒன்றையும் கருத வேண்டும். ஒரு தொழிலுக்குப் பருவம் அளித்தால் ஒவ்வொரு தொழிலும் கேட்கும், விதி சிதைந்துவிடும், வைப்பாளரின் பணத்துக்கு ஊறு நேரும் என்பர். இவ்வச்சம் பொருளற்றதன்று. நகர வங்கியில் வைப்பு வைத்தவரும் அதே தெருக்களைச் சேர்ந்த எளியவர்களே. ஆனால் பருவத்தை ஏற்பது கடனை மன்னிப்பதன்று. திருப்பும் நாளை வருவாய் வரும் நாளோடு பொருத்துவதே அது. தவணை அட்டவணையையே தை, சித்திரை, ஆவணி என வருவாய் மாதங்களுக்கு ஒத்து அமைத்தால், 90 நாள் விதியைத் தொடாமலேயே பெரும்பகுதிச் சிக்கல் தீரும். இதை ஒவ்வொரு வங்கியும் தன் அளவிலேயே தொடங்கலாம்.

முடிவுரை

காஞ்சிபுரத்தில் 1904இல் பதிவான சங்கத்தின் இடர்க்காப்பு, மனிதரை மனிதர் அறிந்திருந்ததில் அடங்கியிருந்தது. அவ்வறிவு சார்புடையது, மறைக்கத்தக்கது, சில வேளைகளில் விலைக்கும் போனது. ஆகவே எண்ணும் விதியும் மென்பொருளும் அதன் இடத்துக்கு வந்தன. இம்மாற்றத்தை வீழ்ச்சியாகக் கருதவோ வெற்றியாகக் கொண்டாடவோ இக்கட்டுரை முனையவில்லை. சட்டம் 1904இல் உழவரையும் உழவரல்லாதோரையும் பிரித்தபோது நெசவாளர் எப்பக்கத்திலும் முழுமையாகப் பொருந்தவில்லை. 2021இல் மென்பொருள் நாள்களை எண்ணத் தொடங்கியபோதும் அவர் அதே இடைவெளியில் நிற்கிறார். இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்ச்சி உண்டென்று கூற இயலாது. ஆயினும் பருவம் என்பது மண்ணுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணம் இரண்டுக்கும் பொது.

தறிக்குப் பருவம் உண்டு என்பதை நெசவாளரும் நெசவுச் சங்கமும் முகூர்த்தப் புடவை வாங்க வரும் வாடிக்கையாளரும் அறிவர். அதை விதியும் அறியுமாறு செய்தால் மென்பொருள் தானே அறிந்துகொள்ளும். காஞ்சிபுர நகர வங்கிகளின் பழைய பேரேடுகளிலிருந்து மாதவாரியான நிலுவையையும் வசூலையும் தொகுத்து, அவற்றைப் பருவமழைக் காலத்தோடும் முகூர்த்த மாதங்களோடும் பொருத்திப் பார்ப்பது இத்துறையில் அடுத்துச் செய்யத்தக்க ஆய்வாகும். அவ்வாய்வு மாநில அளவிலான வங்கியாளர் குழுவின் முன் வைக்கத்தக்க சான்றாகவும் அமையும்.